காதைத் தொட்ட முப்பத்திரண்டு பேர்

1

நேற்று, 1967 ஜூன் 10, சனிக்கிழமை, என் பிறந்தநாள் என்று பிள்ளைகள் என்னைக் கேக் வெட்ட வைத்தார்கள். மெழுகுவத்தி முப்பத்தெட்டு. கடைசி மெழுகுவத்தியை ஏற்றி முடிப்பதற்குள் முதலாவது பாதி கரைந்துவிட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் பக்கத்தில் அவரவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாளன்று காலைப் பூசைக்குப் போய்வந்தால் ஆயிற்று. பினாங்கில் பிறந்த பிள்ளைகளுக்கு அது போதவில்லை.

"என்னங்க, சீக்கிரம் ஊதுங்க. கேக்கு மேல மெழுகு சொட்டுது. அப்பறம் அத யாரு திங்கிறது?" என்றாள் என் மனைவி அமலோற்பவம். அவள் இந்த ஊருக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. பேச்சில் மட்டும் இன்னும் எங்கள் ஊர் ஆவூர்ச் சாலையை விட்டு இறங்கவில்லை.

மகன் லாரன்சுக்கு ஒன்பது வயது. அவன் பூனையைப் பார்த்து, "வாங்க, கேக் சாப்பிடுங்க" என்றான். போன மாதம் வீட்டுக்கு வந்த பங்குச் சாமியாரிடம், "ஃபாதர், நீ இங்க உக்காரு" என்று சொல்லி அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவனும் அவன்தான். மரியாதை அவனிடம் நிறையவே இருக்கிறது. போய்ச் சேரவேண்டிய இடம்தான் தெரியவில்லை.

மகள் ரீட்டாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய பள்ளி நோட்டுகளின் அட்டையில் இப்போதெல்லாம் ஷெர்லி என்று இருக்கிறது. கேட்டால், ரீட்டா பழைய பெயராம்.

கேக் வைத்த மேசை ஒரு பக்கம் ஆடியது. நான் 1945 முதல் ஒரு வருடம் விடாமல் எழுதிவரும் நாட்குறிப்புகளுக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு உபயோகம் உண்டு. அது மேசைக்காலுக்கு முட்டுக்கொடுப்பது. ரீட்டா அலமாரியிலிருந்து 1963ஐ உருவினாள். அதற்குள்ளிருந்து ஒரு காகிதத் துண்டு விழுந்தது. இரண்டு விரல் அகலம், ஒன்றரைச் சாண் நீளம்.

"அப்பா, இது என்ன, ஷாப்பிங் லிஸ்டா?"

"பேருங்க."

"யாரு பேரு? ஏன் கட் பண்ணியிருக்கு?"

"நாளைக்குச் சொல்றேன். இப்பக் கேக்கத் தின்னு."

எதையும் சொல்லுமுன் எழுதிப் பார்த்துக்கொள்வது என் பழக்கம். ஆகவே இன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் வருகிற அரசு அலுவலகத்தை விட்டு நான் ஒரு தனியார் கம்பெனிக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இனி எழுதினால் யாருக்கும் தொல்லை இல்லை.

2

நான் 1950இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவன். வந்த இரண்டாம் ஆண்டில், மழை அளவுகளைப் பேரேட்டில் பதியும் குமாஸ்தா வேலை கிடைத்தது. தினமும் எந்த ஊரில் எத்தனை அங்குலம் மழை என்று எழுதவேண்டும். குளத்தையும் கண்மாயையும் பார்த்து வானத்தை நோக்கி அண்ணாந்துகொண்டிருந்த ஊர்க்காரனுக்கு, இங்கே மழை பெய்யாத நாளை எழுதுவதே அபூர்வமாக இருந்தது. வேலை பிடித்திருந்தது. ஆனால் அது தற்காலிகம். பத்தாண்டுகளுக்கு மேல் தற்காலிகம்.

வேலை நிரந்தரமானால் அரசாங்கக் குடியிருப்பு கிடைக்கும். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து முடிக்கலாம். ஆகாவிட்டால், எந்த மாதக் கடைசியிலும் "நாளை முதல் வரவேண்டாம்" என்று ஒரு தாள் வரலாம். வந்தால் குடும்பத்தோடு ஊர் திரும்புவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அமலோற்பவத்துக்கு அது கவலையில்லை. "போனாப் போறம். அங்க என்ன, நம்மளப் புலியா கடிக்கப்போவுது?" என்பாள். சொல்லிவிட்டு, ரீட்டாவின் பள்ளிச் சீருடையை இரண்டாம் முறையும் தேய்த்து மடிப்பாள்.

1962 டிசம்பரில் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மழைக் கணக்குப் பிரிவில் உள்ள தற்காலிகக் குமாஸ்தாக்கள் நிரந்தரமாக வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, மாலைக் கல்லூரியில் புள்ளியியல் அறிமுகப் பாடத்தில் தேறவேண்டும். இரண்டு, நியமன நாளன்று முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது.

இரண்டாவதைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. பள்ளிச் சான்றிதழின்படி நான் பிறந்தது 1929 ஜூன் 10. அந்தச் சான்றிதழில்தான் வேறு ஒரு சிக்கல் இருந்தது. அதில் குத்தியிருந்தது புதுக்கோட்டைச் சமஸ்தானத்து முத்திரை. சமஸ்தானமோ 1948இல் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஆவணங்களைச் சரிபார்த்த அதிகாரி பெரிய தேசப்படத்தை மேசைமேல் விரித்து, "இந்த நாடு எங்கே இருக்கிறது, காட்டு" என்றார்.

"இப்போது இல்லை ஐயா."

"இல்லாத நாடு கொடுத்த சான்றிதழை நான் எப்படி நம்புவது?"

"நாடுதான் இல்லை ஐயா. ஊர் இருக்கிறது. பள்ளிக்கூடமும் இருக்கிறது."

அவர் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, இனி என்ன ஆனால் என்ன என்பதுபோல் கையெழுத்துப் போட்டார்.

3

1963 மார்ச் 4, திங்கட்கிழமை, மாலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. பிறகு திங்களும் வியாழனும். வகுப்பில் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். பின்வரிசையில் நானும் காதரும் இருந்தோம்.

காதர் மைதீன் கோட்டைப்பட்டினத்துக்காரர். வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளை. எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்ட முதல் நாளே என்னை மச்சான் ஆக்கிக்கொண்டார். அவருக்கு இந்தப் படிப்பால் பதவியோ சம்பளமோ உயரப்போவதில்லை. "படிச்சவன் எல்லாம் சராசரி சராசரிங்குறான். அது என்னதான்னு பாத்துருவோம்னு வந்தேன்" என்பார்.

பாடம் நடத்தியவர் மிஸஸ் ஓங். ஐம்பதை நெருங்கிய சீனப் பெண்மணி. ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். சராசரி மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரிந்ததாகாது, அதைச் சுற்றி எண்கள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றன என்பதும் தெரியவேண்டும் என்றார். அந்தச் சிதறலை அளப்பதற்குத் திட்ட விலக்கம் என்று ஒரு கணக்கு. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, வந்ததை வர்க்கம் செய்து, எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுக்கவேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் கழிக்க வரும், பெருக்க வராது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய்ப்பாட்டை முணுமுணுத்தால்தான் கை ஓடும். ஒரு மாலை என் முணுமுணுப்பைக் கேட்டு முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். காதர் அவளிடம் ஆங்கிலத்தில், "பிரார்த்தனை செய்கிறார்" என்று மெதுவாகச் சொன்னார். அதன்பிறகு நான் முணுமுணுக்கும்போதெல்லாம் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டுப் பேசாமல் காத்திருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மிஸஸ் ஓங் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். புத்தகத்திலிருந்து எடுக்காமல், நாமே திரட்டிய முப்பதுக்குக் குறையாத எண்களை வைத்துச் சராசரியும் சிதறலும் கண்டு அறிக்கை எழுதவேண்டும். மூலப் பட்டியலையும் இணைக்கவேண்டும். அலுவலகம் அனுப்பிய மாணவர்களின் அறிக்கை, திருத்திய பிறகு அவரவர் அலுவலகக் கோப்புக்குப் போய்விடும்.

காதர் முப்பது மூட்டை வெங்காயத்தை எடை போட்டார். ஒருவன் கடைத்தெருவில் சைக்கிள்களை எண்ணினான். தேதிகளில் பைத்தியம் உள்ள நான், என்னோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பிறந்த தேதிகளை எடுத்துக்கொண்டேன். அதைவிட இனிமையான பாடம் எனக்கு வேறு என்ன கிடைக்கும்?

4

எங்கள் ஊர்ப் பள்ளியில் அமலோற்பவத்தின் அண்ணன் சந்தியாகு அப்போது ஆசிரியர். அவருக்கு எழுதினேன். மே மாதத்தில் பதில் வந்தது.

"மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊறுகாய் கேட்பார்கள், வத்தல் கேட்பார்கள். நீங்கள் 1934ஆம் வருஷத்துச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்கிறீர்கள். கரையான் உங்களை முந்திக்கொள்ளப் பார்த்தது. நல்லவேளை, அட்டையோடு நிறுத்திக்கொண்டது. முப்பத்திரண்டு பேரையும் பார்த்து எழுதியிருக்கிறேன். பதினேழாவது தாங்கள்."

தேதிகளை மாதவாரியாகக் கட்டம் வரைந்து குறித்தேன். முப்பத்திரண்டு பேரில் இருபத்துமூன்று பேர் ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்திருந்தார்கள். சிதறல் என்று சொல்ல அதிகம் இல்லை. எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் என்றால் ஜூன்தான். கணக்கைச் சுத்தமாகப் போட்டு ஜூலை 1ஆம் தேதி கொடுத்தேன்.

ஜூலை 11, வியாழக்கிழமை, வகுப்பு முடிந்ததும் மிஸஸ் ஓங் என்னை நிறுத்தினார்.

"மிஸ்டர் மிக்கேல், எண்களைத் திரட்டச் சொன்னேன். உட்கார்ந்து எழுதச் சொல்லவில்லை."

எனக்குப் புரியவில்லை.

"ஓர் ஊரில் ஒரே வாரத்தில் இருபத்துமூன்று குழந்தைகள். அந்த ஊரில் வேறு மாதங்களே கிடையாதா? கற்பனை செய்கிறவர்கள்கூடக் கொஞ்சம் சிதறவிட்டு எழுதுவார்கள்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. காதைத் தொடும் சங்கதியை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். கை, தலை, காது என்று மூன்று சொல் வந்தது, மற்றது வரவில்லை. "உறுதிப்படுத்த வேறு ஆவணம் இருந்தால் செப்டம்பர் தொடக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் இதைத் தேறியதாக நான் எழுத முடியாது" என்றார்.

அவரிடம் சொல்ல வராததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் தொட்டவர்கள்தான். இருந்தாலும் நகரத்தில் பிறந்து பிறப்புச் சீட்டோடு பள்ளிக்குப் போனவர்களுக்காக எழுதுகிறேன். பள்ளி திறக்கிற வாரத்தில் பிள்ளையைத் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்துவார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று பொருள். தொட்ட நாளிலிருந்து ஐந்து வருடமும் ஒரு நாளும் பின்னால் போய், அதையே பிறந்த தேதியாகப் பதிவேட்டில் எழுதுவார். முடிந்திருக்கவேண்டும் என்பது விதி, அதற்காக அந்த ஒரு நாள்.

எனக்குச் சின்ன வயதில் கை குட்டை. 1933இல் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியபோது விரல் உச்சந்தலையோடு நின்றுவிட்டது. என் தாயை நாங்கள் ஆத்தா என்போம். ஆத்தா விடவில்லை. தேவதூதரை அவர் சம்மனசு என்பார்.

"சாமி, இவன் மிக்கேல் சம்மனசு திருநாளுக்குப் பொறந்தவன். இந்தத் திருநாளு வந்தா ஆறு முடியுது."

"சம்மனசு வந்து சாட்சி சொல்லுமா ஆத்தா? கை சொல்லுது, எட்டலைன்னு. அடுத்த வருசம் கூட்டியாங்க."

"கைய நீட்டி விட்டா எட்டும் சாமி."

"நீட்டி விடுறதுக்கு அது என்ன ரப்பரா?"

அடுத்த வருடம் ஜூன் 11, திங்கட்கிழமை, என் நடுவிரல் காது நுனியைத் தொட்டது. அப்படித்தான் நான் 1929 ஜூன் 10இல் பிறந்தேன். ஆத்தா சாகும்வரைக்கும், "வாத்தியாரு ஒனக்கு வயசக் கொறச்சுப்புட்டாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தறியாதவரின் கணக்கில் ஆண்டு தப்பும் என்று நானும் நினைத்திருந்தேன்.

5

வேறு ஆவணம் இருந்தது. எங்கள் ஊர் முழுக்கக் கத்தோலிக்க ஊர். குழந்தை பிறந்த சில நாட்களில் கோயிலுக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பிறந்த நாளோடு சாமியார் அதைப் பேரேட்டில் எழுதிவைப்பார். மறுபடியும் சந்தியாகு மச்சானுக்கு எழுதினேன். ஆகஸ்டு நடுவில் கனமான உறை வந்தது.

"ஞானஸ்நானப் பேரேடு முழுக்க லத்தீன். உபதேசியாரை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த லத்தீன் பூசைக்கு மட்டுந்தான் காணும். ஆனாலும் மாதப் பெயர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. முந்தின பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளவும். இடப்பக்கம் பெயர், நடுவில் பள்ளித் தேதி, வலப்பக்கம் கோயில் தேதி. மாப்பிள்ளைக்கு ஒரு சேதி. தாங்கள் என்னைவிட இளையவர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இனி யார் யாருக்கு ஆசீர்வாதம் சொல்வது?"

முழு நீளத் தாளில் தமிழில் மணிமணியான கையெழுத்து. பதினேழாவது வரியில் விரலை வைத்தேன். மிக்கேல். கோயில் தேதி 1927 செப்டம்பர் 29.

ஆத்தா சொன்னது நாள் தப்பாமல் சரி. வாத்தியார் குறைத்தது ஒரு வருடம், எட்டு மாதம், பன்னிரண்டு நாள். நான் மேசையில் உட்கார்ந்தபடியே அவ்வளவு காலம் மூப்படைந்தேன். ஆத்தா இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருப்பேன். அவர் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது.

பிறகுதான் சுற்றறிக்கையின் இரண்டாவது நிபந்தனை நினைவுக்கு வந்தது. இன்னும் ஆறு வாரத்தில் எனக்கு முப்பத்தாறு முடியப்போகிறது. இந்தத் தாள் இருந்தால்தான் பாடத்தில் தேறமுடியும். இந்தத் தாள் கோப்புக்குப் போனால் வேலை நிரந்தரம் ஆகாது.

காதரிடம் காட்டினேன். காப்பிக் கடையில் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்க? ஒன் வரிய விட்டுட்டு, ஒங் கையால வேற தாள்ல எழுதிக் குடு மச்சான். முப்பது இருந்தாப் போதும்னுதானே அந்தம்மா சொல்லிச்சு? முப்பத்தொண்ணு தாராளம்."

"பதிவேட்டுல முப்பத்திரண்டு இருக்கே."

"பதிவேடு என்ன, கப்பலேறி இங்கிட்டு வரப்போவுதா?"

"நான் எழுதிக் குடுத்தா, திரும்பவும் நானே உக்காந்து எழுதுனதுன்னு சொல்லுவாங்க. மச்சான் கையெழுத்தோட குடுத்தாத்தான் ஆவணம்."

"அப்ப ஒங்க மச்சானயே பதினேழ விட்டுட்டு எழுதச் சொல்லு."

"வாத்தியாரப் போய்ப் பொய் எழுதச் சொல்றதா?"

"ஏன், மொதல்ல எழுதுனதும் ஒரு வாத்தியாருதானே!"

சிரித்துவிட்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இது உத்தமகுணம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பதினெட்டு வருடம் ஒரு நாள் விடாமல் தேதி எழுதியவனுக்கு, முப்பத்திரண்டை முப்பத்தொன்று என்று எழுத விரல் மடங்கவில்லை. அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். அமலோற்பவம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனால் என்ன என்று வழக்கம்போலச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கஞ்சி வடிந்து முடிந்ததும் பானையை நிமிர்த்தினாள்.

"ரீட்டாக்கு அடுத்த வருசம் பெரிய பள்ளிக்கூடம்ல" என்றாள்.

"ஆமா."

"நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். எங்கிட்டக் கேக்காதீங்க."

6

செப்டம்பர் 2, திங்கட்கிழமை, வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே போய் மிஸஸ் ஓங்கின் மேசைமேல் புதிய அறிக்கையையும் மச்சானின் தாளையும் வைத்தேன். இந்தமுறை சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். காதர் துணைக்கு வந்து வாசலருகில் நின்றார்.

மிஸஸ் ஓங் முதலில் இரண்டு படங்களையும் பார்த்தார். பள்ளித் தேதிகளின் படத்தில் பெரும்பாலோர் ஜூனில் அணிவகுத்து நின்றார்கள். கோயில் தேதிகளின் படத்தில், மணியடித்ததும் கலைந்தோடும் பிள்ளைகளைப்போலப் பன்னிரண்டு மாதமும் பரவியிருந்தார்கள். ஒருவன் நாலரை வயதிலேயே நீளக் கையால் காதைத் தொட்டுவிட்டவன். சிலர் ஏழு வயது வரை எட்டாதவர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்படித் தொடுவது?"

காட்டினேன். அவர் எழுந்து நின்று, தன் வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டார்.

"எனக்கு ஐந்து முடிந்துவிட்டது" என்றார். வாசலில் காதர் சத்தமாகச் சிரித்தார். மிஸஸ் ஓங்கும் சிரித்தார். ஆறு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"நீங்கள் எண்களை உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னேன். எழுதியவர் வேறொருவர். என்னை மன்னியுங்கள்" என்றார். பிறகு மச்சானின் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளின் சுழிகளை ரசிப்பவர்போலப் பார்த்துவிட்டு, "இதில் நீங்கள் எந்த எண்?" என்று கேட்டார்.

சும்மா கேட்டார். ஏதோ ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். வாசலில் காதர் என்னைப் பார்த்து இரண்டு கை விரல்களையும் விரித்து, ஏதேதோ எண்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பதினேழு" என்றேன்.

அவருடைய விரல் பதினேழாவது வரியில் இடமிருந்து வலமாகப் போய் நின்றது. எண்களைப் படிக்கத் தமிழ் தேவையில்லை. அந்த அலுவலகத்திலிருந்து வந்த பலருக்கு அவர் பாடம் நடத்தியிருக்கிறார். நிபந்தனைகளும் அவருக்குத் தெரியும்.

"இந்தத் தாள் உங்கள் கோப்புக்குப் போகும்."

"தெரியும் மேடம்."

"இந்த ஒரு வரியை விட்டிருக்கலாமே. முப்பது போதும் என்றேனே."

"முப்பத்திரண்டு பேர் இருந்தோம் மேடம்."

அவர் விரலை வரியிலிருந்து எடுத்தார். பிறகு, "உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?" என்றார்.

"என்னைச் சேர்க்காமல் நான்கு பேர்."

இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். வரிசை எண்களை விட்டுவிட்டு, பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் மேலிருந்து கீழ்வரை நேராக வெட்டினார். மிச்சத்தின் விளிம்புகளைச் சேர்த்து ஒட்டினார். இனி 1929 ஜூன் 10 என்ற பள்ளித் தேதி உள்ள ஏழு பேரில் நான் யார் என்று அலுவலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காகிதத் துண்டை என் கையில் கொடுத்தார்.

"பட்டியலில் ஆட்களின் பெயர் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொன்னேன். நீங்கள் கவனிக்கவில்லை. அதற்காக இரண்டு மதிப்பெண் குறைக்கிறேன். சராசரிக்குப் பெயர் தேவையில்லை, மிஸ்டர் மிக்கேல்."

வெளியே வந்ததும் காதர் என் முதுகில் ஒன்று வைத்தார். "அந்தம்மா கேக்குறப்ப ஒன்பதுன்னு சொல்லுய்யான்னு நான் அங்கிட்டு நின்னு கையால கத்துறேன், நீ பாட்டுக்குப் பதினேழுங்குற!"

டிசம்பரில் வேலை நிரந்தரமாயிற்று. கோப்பில் 1929 ஜூன் 10 என்ற தேதி மட்டும் இருந்தது. யாரும் என்னிடம் வேறு தேதி கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. இதை நினைத்து முழுக்கப் பெருமைப்பட என்னால் முடிவதில்லை. ஒருவர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன், மற்றவர்கள் கேட்காதபோது பேசாமல் இருந்தேன். இரண்டையும் அந்த வருடத்து நாட்குறிப்பில் அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருக்கிறேன்.

7

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு ஆனதும் ரீட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டுக்கொண்டாள். காதைத் தொட்டுப் பார்த்தாள். லாரன்ஸ் தொட்டான். பிறகு பூனையின் முன்னங்காலைப் பிடித்து, "நீங்களும் தொடுங்க" என்றான்.

ரீட்டா காகிதத் துண்டைக் கையில் எடுத்தாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். "சவரிமுத்து. ராயப்பன். சூசை." நிமிர்ந்தாள். "டேட் எல்லாம் கட் பண்ணிட்டாங்க. இனிமே இவங்க பர்த்டே ஒங்களுக்குத் தெரியாது. இல்லப்பா?"

"தெரியும். நீயே கண்டுபிடிக்கலாம்."

சுவரில் கோயில் காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு தேதிக்கும் கீழே அன்றைய புனிதரின் பெயர் ஆங்கிலத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும். நம் ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது முதலில் அன்றைக்கு யார் திருநாள் என்றுதான் பார்ப்பார்கள் என்று சொன்னேன். சவரிமுத்து என்றால் சவேரியார். அவள் காலண்டரின் பக்கங்களைத் தூக்கித் தேடினாள். டிசம்பர் 3. சூசை, மார்ச் 19. ராயப்பன், ஜூன் 29. எல்லோருக்கும் இப்படிச் சரியாக வராது. நேர்ச்சைக்காக அந்தோணி என்று வைத்தவர்கள் மூன்று பேர், ஒருவர்கூட ஜூன் 13இல் பிறக்கவில்லை. ஆனால் பத்தொன்பது பேருக்குக் கோயில் தேதி திருநாளிலிருந்து ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகவில்லை. இதையெல்லாம் நான் 1963லேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மிஸஸ் ஓங்கிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் துண்டை என்னிடம் கொடுத்திருப்பாரோ என்னவோ.

"மே 22, செயிண்ட் ரீட்டா" என்று அவளாகவே படித்தாள். "அதான் எனக்கு இந்தப் பேரா?"

"1954, சனிக்கிழமை. காலையில ஏழே முக்கால்."

"மழ பேஞ்சுது" என்றாள் அமலோற்பவம் அடுக்களையிலிருந்து. "ஆஸ்பத்திரிக்கு வாரப்பவே இவரு கையில கொடைக்குப் பதிலா டைரியத் தூக்கிக்கிட்டு வந்தாரு."

ரீட்டா மே மாதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துண்டில் விரலை ஓட்டி எண்ணினாள். பதினேழாவதில் நிறுத்தி, "மி, க், கே, ல்" என்று படித்தாள். காலண்டரில் செப்டம்பரைத் தூக்கினாள்.

"இருபத்தொன்பது! அப்ப நேத்து வெட்டுனது?"

"அது வாத்தியார் குடுத்த பிறந்தநாள்."

"அப்ப செப்டம்பர்லயும் கேக்கா?" என்று லாரன்ஸ் குதித்தான்.

"ஒரு மனுசனுக்கு வருசத்துக்கு எத்தன கேக்குடா?" என்றாள் அமலோற்பவம். "அதுவும் இந்த வருசம் நாப்பது மெழுகுவத்தியில்ல ஏத்தணும்."

ரீட்டா என் பேனாவை வாங்கி, செப்டம்பர் 29க்கு ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் ஏதோ எழுதினாள். அப்பா என்றோ, டாடி என்றோ இருக்கும் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். 17 என்று எழுதியிருந்தாள்.

"என்ன இது?"

"பேர் வேணாம்னு மிஸஸ் ஓங்தானே சொன்னாங்க" என்றாள்.